பிரேக்கிலிருந்து தொடங்குங்கள்: சென்னை வீட்டிலிருந்து கிரான் டூரிஸ்மோ 7 பழக ஒரு முழுமையான வழிகாட்டி

கிரான் டூரிஸ்மோ 7 என்ற பிளேஸ்டேஷன் கார் பந்தய விளையாட்டைத் தொடங்கும் எவரும் முதல் ஒரு மணி நேரத்தில் ஒரே தவறைத்தான் செய்வார்கள். வேகம் கூட்டும் ஆர்2 விசையை விரல் வலிக்க அழுத்திப் பிடித்தபடி பறப்பார்கள். வளைவு வந்ததும் பக்கத்துக் காரின் மீது சாய்ந்து திரும்பப் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். மத்திய கைலாஷ் சந்திப்பில் பத்து வருடம் இருசக்கர வண்டி ஓட்டியவனுக்கு, ஓர் இடைவெளி தெரிந்தால் அதில் மூக்கை நுழைத்துவிட வேண்டும் என்பது சுவாசம் மாதிரி. அந்தப் பழக்கத்தோடு உள்ளே போனால் இந்த விளையாட்டு உங்களைக் கடைசி இடத்திலேயே உட்கார வைத்துவிடும். முன்னேற்றம் முழுவதும் இடது கை விரலில், அதாவது எல்2 என்ற பிரேக் விசையில் இருக்கிறது. மற்றவை அதைச் சுற்றித்தான்.

இது சாதாரண கார் விளையாட்டு அல்ல என்பதற்கு ஒரு காரணம், உள்ளே இருப்பவை அனைத்தும் பெயருள்ள கார்கள் என்பது. ஜப்பானில் கசுனோரி யமவுச்சியின் தலைமையிலான குழு, பின்னாளில் பாலிஃபோனி டிஜிட்டல் நிறுவனமானது, உருவாக்கிய முதல் கிரான் டூரிஸ்மோ 1997 டிசம்பரில் வெளிவந்தது. ஏழாவது பதிப்பு 2022 மார்ச் 4 அன்று பிஎஸ்4, பிஎஸ்5 இரண்டிற்கும் வந்தது. வரும்போதே நானூறுக்கும் மேற்பட்ட கார்கள் இருந்தன. பிறகு வந்த புதுப்பிப்புகளில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போயிற்று. கார் நிறுவனங்களின் உரிமம் பெற்று உருவாக்கியவை என்பதால் முன்சக்கரம் இழுக்கும் கார் அப்படியே இழுக்கும். இயந்திரத்தைப் பின்னால் சுமக்கும் போர்ஷே 911 அதற்கே உரிய பிடிவாதத்தைக் காட்டும். நம் தெருவில் பார்த்துப் பழகிய முகங்களும் உண்டு. ஸ்விஃப்டின் ஸ்போர்ட் வகை இருக்கிறது, ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடிஐ இருக்கிறது. அம்பாசடர் இல்லை. அது எனக்குத் தீராத குறை.

நம் ஊர்த் தடமும் இல்லை. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த ஊர் இது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் தடம் திறக்கப்பட்டது. 2005இல் ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயனும், 2010இல் அங்கே போன கருண் சந்தோக்கும் தமிழ்நாட்டுக்காரர்கள். 2024 ஆகஸ்ட் இறுதியில் தீவுத்திடலைச் சுற்றி விளக்கொளியில் தெருப் பந்தயமே நடந்தது. இத்தனை இருந்தும் விளையாட்டுக்குள் சென்னை கிடையாது. ஆகவே ஜப்பானியத் தடங்களான சுகுபாவிலும் சுசுகாவிலும் பழகுவோம்.

வாங்குவதற்கு முன்

அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போகும் முன் வீட்டில் இருக்கும் பிளேஸ்டேஷன் பெட்டியை ஒரு முறை திரும்பிப் பாருங்கள். பிஎஸ்5இல் வட்டு போடும் வாய் உள்ள வகையும் உண்டு, இல்லாத வகையும் உண்டு. நான் பேரம் பேசி, இருநூறு ரூபாய் குறைத்துவிட்ட பெருமிதத்தில் வட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். தம்பியின் பிஎஸ்5இல் வட்டு நுழைய இடமே இல்லை. மறுநாள் அதே கடைக்குப் போய், இருநூறுக்கும் அதிகமாக இழந்து திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர் மேல் தவறில்லை. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பழைய வட்டு வாங்குபவர்கள் உறையில் பிஎஸ்4 என்று இருக்கிறதா, பிஎஸ்5 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். பிஎஸ்4 பதிப்பு பிஎஸ்5 பெட்டியில் ஓடும். ஆனால் பிஎஸ்5 பதிப்பாக மாற்றிக்கொள்ளத் தனிக் கட்டணம் உண்டு.

வட்டு வாங்கினாலும் பதிவிறக்கத்திலிருந்து தப்ப முடியாது. புதுப்பிப்புகளோடு சேர்த்து நூறு ஜிபிக்கு மேல் இடம் வேண்டும். விநாடிக்கு நூறு மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் நூறு ஜிபி இறங்கச் சுமார் இரண்டேகால் மணி நேரம் ஆகும். நாற்பது மெகாபிட் என்றால் ஐந்தரை மணி நேரம். இரவில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். மாத அளவுக் கட்டுப்பாடு உள்ள திட்டம் என்றால், மாதக் கடைசியில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். வீட்டில் அலுவலக வேலை செய்பவர்களின் சாபத்துக்கு ஆளாவீர்கள்.

இன்னொன்றையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். தனியாக விளையாடும் பகுதிக்கும் இணைய இணைப்பு வேண்டும். உங்கள் கார்களும் பணமும் நிறுவனத்தின் சர்வரில்தான் பாதுகாக்கப்படுகின்றன. 2022 மார்ச்சில் ஒரு புதுப்பிப்பு சொதப்பி, முப்பது மணி நேரத்துக்கும் மேலாக உலகம் முழுவதும் யாராலும் விளையாட முடியாமல் போனது. யமவுச்சி மன்னிப்புக் கேட்டார். இழப்பீடாகப் பத்து லட்சம் கிரெடிட், அதாவது விளையாட்டுப் பணம், கொடுத்தார்கள்.

மின்சாரத்துக்கும் ஒரு வழி செய்துகொள்ளுங்கள். பெரும்பாலான பந்தயங்களின் நடுவே சேமித்து வைக்க முடியாது. மே மாத மாலை ஒன்றில், லே மான் தடத்தில் அரை மணி நேரப் பந்தயம், முன்னிலையில் இருக்கிறேன், இன்னும் இரண்டு நிமிடம்தான் பாக்கி. பக்கத்து வீட்டு ஏசி உறுமியது, விளக்கு ஒரு முறை கண் சிமிட்டியது, எல்லாம் போனது. அந்த வாரமே யுபிஎஸ் வாங்கினேன். கணினிக்குப் பயன்படுத்தும் சிறிய யுபிஎஸ் ஒன்றில் பெட்டி, தொலைக்காட்சி, இணைய மோடம் மூன்றையும் இணைக்கலாம். மோடத்தை மறந்துவிடாதீர்கள்; அது அணைந்தால் விளையாட்டும் தடுமாறும். வாங்கும்போது தொலைக்காட்சியின் மின்தேவையையும் கூட்டிக் கணக்குப் போடுங்கள். பெட்டியை மூடிய அலமாரிக்குள் வைக்க வேண்டாம். சென்னை வெயிலில், பின்பக்கம் காற்றுப் போகாத பெட்டி அரைமணியில் சூடேறி விசிறி இரைச்சல் போடும். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடற்காற்றில் இருப்பவர்கள் காற்றுத்துளைகளில் படியும் தூசியை மாதம் ஒரு முறை துடைத்துவிடுங்கள்.

தொலைக்காட்சியில் 'கேம் மோட்' என்ற அமைப்பைப் போடுங்கள். அதைப் போடாவிட்டால் நீங்கள் விசையை அழுத்துவதற்கும் திரையில் கார் திரும்புவதற்கும் இடையே நூலிழைத் தாமதம் விழும். வளைவில் அந்த நூலிழை போதும், புல்வெளிக்குப் போய்விட.

முதல் காரும் காப்பிக் கடையும்

விளையாட்டின் வரைபடத்தில் நடுவே ஒரு காப்பிக் கடை இருக்கும். நம் ஊர் டபராக் காப்பி அல்ல. ஆனால் அங்கேதான் கதை நடக்கிறது. லூகா என்பவர் ஒவ்வொரு முறையும் ஒரு 'மெனு புத்தகம்' கொடுப்பார். 'இந்த மூன்று கார்களைச் சேர்த்துக்கொண்டு வா' என்பதுதான் பெரும்பாலும் வேலை. பந்தயத்தில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தால் அந்தக் கார் பரிசாகக் கிடைக்கும். கடையில் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. புதியவர்கள் பலர் இதைக் கவனிக்காமல், பரிசாக வரவிருக்கும் காரைப் பணம் கொடுத்து வாங்கிவிட்டுப் பிறகு தலையில் அடித்துக்கொள்வார்கள். முப்பத்தொன்பதாவது புத்தகத்தோடு முதன்மைக் கதை முடியும். அதன் பிறகும் புத்தகங்கள் உண்டு, அவசரமில்லை.

தொடக்கத்தில் கையில் கொடுக்கும் சிறு தொகையில் பழைய கார்க் கடையில் மூன்றில் ஒன்றை எடுக்க வேண்டும்: டொயோட்டா அக்வா, மஸ்டா டெமியோ, ஹோண்டா ஃபிட். நான் ஃபிட்டை எடுத்தேன். காரணம் வெட்கமில்லாத ஊர்ப்பாசம். அது இங்கே ஜாஸ் என்ற பெயரில் ஓடிய அதே குடும்பத்துக் கார். என் பெரியப்பாவின் ஜாஸ் அடையாற்றில் நடைபாதை ஓரம் நின்ற கோலமும், திரையில் அது நின்ற கோலமும் ஒன்றாக இருந்தன. எதை எடுத்தாலும் குறையில்லை; மற்ற இரண்டும் பரிசாக வந்து சேரும்.

ஜப்பானியக் கார்களுக்கு ஸ்டீயரிங் நம்மைப் போலவே வலப்பக்கம். ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்க்கும் கோணத்தை வைத்தால் சொந்தக் கார் மாதிரி இருக்கும். இருந்தாலும் பழகும் காலத்தில் முன்மூடியின் மேலிருந்து பார்க்கும் கோணத்தையே நான் சொல்வேன். சாலை அதிகம் தெரியும்.

உதவி அமைப்புகளில் மூன்றைத் தவிர மற்றவற்றை அணைத்துவிடுங்கள். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருக்கட்டும், கன்ட்ரோலரில் அது இல்லாமல் ஓட்டுவது வீண் வீம்பு. சக்கரம் வழுக்காமல் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோலை, பின்சக்கரம் தள்ளும் கார்களுக்கு ஒன்று அல்லது இரண்டு அளவில் வையுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் கார் சோம்பிப்போகும். பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தைக் காட்டும் குறி, முதல் இரண்டு வாரங்களுக்கு. தானாகவே பிரேக் பிடித்துத் தானாகவே திருப்பும் உதவிகளை முதல் நாளே நிறுத்துங்கள். அவை உங்களுக்காக ஓட்டும். நீங்கள் ஜன்னல் ஓரப் பயணி ஆகிவிடுவீர்கள். சாலையில் நீளமாக வரையப்படும் வழிகாட்டிக் கோடும் அப்படித்தான். கோட்டையே பார்த்து ஓட்டுபவனுக்குச் சாலை மனத்தில் பதிவதே இல்லை.

எட்டு போடுவதை விடக் கடினமான லைசென்ஸ்

ஆர்டிஓ அலுவலக மைதானத்தில் கால் தரையில் படாமல் எட்டு போட்டது நினைவிருக்கிறதா? இங்கே அதே மாதிரி அடிப்படையாக ஐந்து லைசென்ஸ்கள்: தேசிய பி, தேசிய ஏ, சர்வதேச பி, சர்வதேச ஏ, சூப்பர். ஒவ்வொன்றிலும் பத்துத் தேர்வுகள், மொத்தம் ஐம்பது. முதல் தேர்வு கிளம்பி, குறிப்பிட்ட கட்டத்துக்குள் நிற்பது, அவ்வளவுதான். நிற்கக் கற்றுக்கொண்ட பிறகே ஓடக் கற்றுத்தருகிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

வெண்கலம் வாங்கினாலே தேர்ச்சி. சில பந்தயங்களுக்கு லைசென்ஸ் கட்டாயம் என்பதால் வெண்கலத்தோடு நகர்ந்துவிடலாம். ஆனால் தேசிய பி-யின் பத்தையும் தங்கமாக்கிய பிறகே காப்பிக் கடைக்குத் திரும்புங்கள் என்பது என் கட்டாய ஆலோசனை. இதற்கு ஒரு மாலை போகும். போகட்டும். தேர்வுக்கு முன் செய்முறை ஓட்டத்தைக் காட்டும் வசதி இருக்கிறது. அதை ஒரு முறை காருக்காகப் பாருங்கள், மறுமுறை திரையின் கீழே உள்ள பிரேக், ஆக்சிலேட்டர் பட்டைகளை மட்டும் பாருங்கள். பிரேக் பட்டை ஒரே அடியில் முழுக்க ஏறி, வளைவுக்குள் மெல்ல மெல்ல இறங்குவது தெரியும். அந்த இறக்கம்தான் பாடம்.

ஒரே வளைவு, நூறு முறை

இப்போது வழிகாட்டியின் நடுப்பகுதிக்கு வருகிறோம். இதை மட்டும் நன்றாகச் செய்துவிட்டால் மற்ற பகுதிகளைப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை.

மஸ்டா ரோட்ஸ்டர் ஒன்றை வாங்குங்கள். எதையும் மாற்றாதீர்கள். சுகுபா தடத்துக்குப் போங்கள். 2 கிலோமீட்டரை ஒட்டிய சின்னத் தடம், ஒரு சுற்று முடிந்து உடனே மறுபடி வந்துவிடலாம். நேர நெருக்கடி இல்லாத தனி ஓட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். முதல் வளைவு, வலப்பக்கம் இறுக்கமாகத் திரும்புவது. அதில் மட்டும் கவனம் வையுங்கள்.

நேர்ப்பாதையின் முடிவில் சாலையோரம் ஏதாவது ஓர் அடையாளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: தூரப் பலகை, தார்ச்சாலையின் நிறம் மாறும் இடம், தடுப்புச் சுவரின் ஒரு மூலை. அசையாததாக இருக்க வேண்டும். நிழல் வேண்டாம், அது பொழுதோடு நகரும். அந்த அடையாளம் வந்ததும் காரை நேராக வைத்தபடி பிரேக்கை முழுதாக அழுத்துங்கள். பிஎஸ்5இன் கன்ட்ரோலர் என்றால், சக்கரம் பூட்டிக்கொள்ளும் எல்லைக்கு வந்து ஏபிஎஸ் வேலை செய்யும்போது விரலுக்கடியில் விசை படபடவென்று துடிக்கும். அந்தத் துடிப்பு தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் விரலை நிறுத்தப் பழகுங்கள். பேச்சு கேட்கும் குதிரை மாதிரி கார் நிற்கும்.

அடுத்தது, விடுவது. ஐம்பது பேர் நிற்கும் மாநகரப் பேருந்தில் ஓட்டுநர் பிரேக் போட்டால் என்ன நடக்கிறது? எல்லோரும் முன்னால் சாய்கிறார்கள். காரிலும் எடை முன்னால் சாய்கிறது. முன்டயர்கள் தரையில் அழுந்துகின்றன. அழுந்திய டயருக்குப் பிடிப்பு அதிகம். இப்போது ஸ்டீயரிங்கைத் திருப்பினால் மூக்கு ஆசையோடு உள்ளே வரும். பிரேக்கைச் சட்டென்று விட்டுவிட்டுத் திருப்பினால், பேருந்தில் எல்லோரும் பின்னால் சாய்வது போல எடை பின்னால் ஓடிவிடும். மூக்கு திரும்பாது, கார் நேராகப் போகும். ஆகவே ஸ்டீயரிங் எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவுக்கு பிரேக்கை விட்டுக்கொண்டே வர வேண்டும். கிணற்றில் கயிறு விடுகிற மாதிரி, கை மாற்றி மாற்றி, வழுக்க விடாமல்.

ஏன் இரண்டையும் முழுதாகச் செய்ய முடியாது? டயரின் பிடிப்பு மாதச் சம்பளம் மாதிரி. பிரேக்குக்கே எல்லாவற்றையும் செலவழித்துவிட்டால் திரும்புவதற்குக் கையில் காசு இல்லை. திருப்பத்துக்கே கொடுத்துவிட்டால் வேகம் எடுக்க இல்லை. புதியவர்கள் செய்வது கடன் வாங்குவது. வேகமாக உள்ளே போய், பாதி வளைவில் கூடுதலாகத் திருப்பி, அதுவும் போதாமல் இன்னும் திருப்பி, டயர் கிறீச்சிடக் கார் வெளியே வழுக்கிக்கொண்டே போகும். அப்போது கை செய்யத் துடிப்பது இன்னும் திருப்புவது. செய்ய வேண்டியதோ ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் தளர்த்தி, டயருக்கு மூச்சு விடக் கொடுப்பது. இதைப் படித்ததும் தலை ஆட்டுவீர்கள். விரல் ஒப்புக்கொள்ள ஒரு வாரம் ஆகும்.

வளைவின் உள்விளிம்பைத் தொடும் இடத்தை, தோன்றுவதை விடச் சற்றுத் தாமதமாக வையுங்கள். தொட்ட பிறகே ஆக்சிலேட்டர். அதுவும் மெதுவாகத் தொடங்கி, ஸ்டீயரிங் நேராக நேராக அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டு. வெளியேறும்போது சாலையின் வெளிவிளிம்பு வரை காரைப் போக விடுங்கள். தார் போட்ட அகலம் முழுவதும் உங்களுடையது. அண்ணா சாலை அல்ல, ஓரத்தில் ஆட்டோ நிற்காது.

இருபது முறை ஓட்டிய பிறகு, பிரேக் பிடிக்கும் இடத்தை ஒரு காரின் நீளம் வளைவை நோக்கித் தள்ளிப் பாருங்கள். சரியாக வந்தால் இன்னொரு காரின் நீளம். ஒரு கட்டத்தில் உள்விளிம்பைத் தவறவிடுவீர்கள். அங்கிருந்து ஒரு காரின் நீளம் பின்வாங்கினால் அதுவே உங்கள் இடம். என் குறிப்பேட்டில் சுகுபாவின் இந்த ஒரு வளைவுக்கு மட்டும் மூன்று பக்கங்கள் இருக்கின்றன. மனைவி அதைப் பார்த்துவிட்டு, பத்தாம் வகுப்பில் இப்படிக் குறிப்பெடுத்திருந்தால் என்று ஆரம்பித்து வாக்கியத்தை முடிக்காமல் போனார்.

டயர், பிறகு மற்றவை

காரை வேகமாக்கக் கடைக்குப் போனதும் டர்போவின் மேல் கண் போகும். டயரில் காசு போடுங்கள். தெருவுக்கான சாதாரண ரகங்கள், விளையாட்டுக்கான ரகங்கள், பந்தயத்துக்கான ரகங்கள் என்று மூன்று குடும்பம்; ஒவ்வொன்றிலும் கடினம், நடுத்தரம், மென்மை. தொடக்கப் பந்தயங்களில் விளையாட்டு ரக மென்மையான டயர் ஒரு செட் மாட்டினாலே பாதிப் போட்டி முடிந்துவிடும். அடுத்தது பிரேக், அதற்கடுத்தது சஸ்பென்ஷன், கடைசியில்தான் இயந்திர வலிமை.

ஒவ்வொரு காருக்கும் பிபி என்ற திறன் எண் இருக்கும். பல பந்தயங்கள் 'இத்தனை பிபிக்குள்' என்று வரம்பு போடும். டயர் மாற்றினாலும் அந்த எண் ஏறும். வரம்பைத் தாண்டினால் இயந்திர வலிமையைக் கட்டுப்படுத்தும் கருவியால் குறைத்துக்கொள்ளலாம். எடைக் குறைப்பு, அகலமான உடற்கூடு போன்ற சில மாற்றங்களைச் செய்தால் திரும்பப் பெற முடியாது. திரையில் எச்சரிக்கை வரும். படிக்காமல் 'சரி' அழுத்தும் பழக்கம் இருப்பவர்கள் இந்த இடத்தில் மட்டும் நின்று படியுங்கள்.

பழைய கார் வாங்கியதும் ஜிடி ஆட்டோ என்ற பணிமனையில் எண்ணெய் மாற்றுங்கள். சிறு செலவு, இழந்த வலிமை திரும்ப வரும்.

பணம்

விளையாட்டுப் பணத்தைக் கையிலிருக்கும் உண்மைப் பணத்தால் வாங்கவும் வழி வைத்திருக்கிறார்கள். வேண்டாம். புகழ்பெற்ற பழைய பந்தயக் கார்கள் சிலவற்றின் விலை கோடிக் கிரெடிட்டைத் தாண்டும். அதற்கு ரூபாய் கொட்டினால் அந்த மாத வாடகையே கேள்வியாகிவிடும். தொடக்கத்தில் பரிசுத் தொகை கஞ்சத்தனமாக இருக்கிறது என்று உலகமே கூச்சல் போட்ட பிறகு, 2022 ஏப்ரலில் தொகைகளை உயர்த்தினார்கள்.

நான் பெரும்பாலும் ஓடுவது லே மான் தடத்தின் 700 பிபி அரை மணி நேரப் பந்தயம். முதல் பரிசு 5,50,000 கிரெடிட். யாரையும் இடிக்காமல் ஓட்டினால் சுத்தமான ஓட்டத்துக்கான கூடுதல் தொகையும் சேர்ந்து 8,25,000 ஆகும். பொறுமைக்குக் கூலி இங்கே கணக்காகவே கிடைக்கிறது. எரிபொருள் கலவையை ஒன்றிலிருந்து ஆறு வரை மாற்றலாம்; ஒன்றில் வேகம், ஆறில் சிக்கனம். முன்னிலை கிடைத்ததும் சிக்கனத்துக்கு மாற்றி, கியரைச் சீக்கிரமே மாற்றிக்கொண்டு போனால் எரிபொருளுக்காக நிற்கும் முறை ஒன்று குறையும். முன்னே இருக்கிற காரைக் காற்றைக் கிழிக்க விட்டுப் பின்னால் ஒட்டிக்கொண்டு போவதும் எரிபொருளை மிச்சம் பிடிக்கும்.

நாளொன்றுக்கு 42.195 கிலோமீட்டர் ஓட்டினால் ஒரு பரிசுச் சீட்டு கிடைக்கும். மாரத்தான் தூரம்தான் அது. சீட்டைச் சுழற்றினால் பெரிய தொகைகளையும் காரையும் காட்டிவிட்டு மிகச் சிறிய தொகையில் போய் நிற்கும். பொருட்காட்சி வளையம் எறிந்து பழகியவர்களுக்கு இது புதிதல்ல.

மழை

திரையின் ஓரத்தில் மழைமேகங்களைக் காட்டும் சிறு வரைபடம் உண்டு. நவம்பர் மாதம் முழுவதும் வானிலை வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு அதைப் படிக்க யாரும் சொல்லித்தர வேண்டாம். மேகம் உங்களை நெருங்கும் சுற்றிலேயே தடத்தின் ஓரமுள்ள பணியிடத்துக்குள் வந்து டயர் மாற்றுங்கள். ஒரு சுற்றுத் தாமதித்தால் அரை நிமிடம் போய்விடும். லேசான ஈரத்துக்கு இடைநிலை டயர், தண்ணீர் தேங்கினால் மழை டயர். எல்லாக் கார்களும் ஓடும் பாதை முதலில் காயும். காய்ந்த பிறகும் மழை டயரோடு ஓடினால் அது சூடேறித் தேய்ந்துவிடும். அப்போது நேர்ப்பாதைகளில் ஈரமான பகுதியைத் தேடிப் போய் ஓட்டி டயரைக் குளிரவைக்கலாம்.

ஸ்டீயரிங் சக்கரம் வாங்கலாமா

மூன்று மாதம் கன்ட்ரோலரில் ஓட்டிய பிறகும் ஆசை அடங்கவில்லை என்றால் வாங்குங்கள். வேகம் கூடும் என்று நினைத்து வாங்க வேண்டாம். முதல் மாதம் குறையவே செய்யும். லாஜிடெக்கின் ஜி29 என்ற வகை பிளேஸ்டேஷனுக்கானது. 900 பாகை வரை சுழலும். ஏறக்குறைய அதே தோற்றத்தில் ஜி920 என்று ஒன்று உண்டு. அது எக்ஸ்பாக்ஸுக்கானது, பிளேஸ்டேஷனில் வேலை செய்யாது. பழைய பொருள் வாங்குபவர்கள் படத்தை நம்பாமல் அடியில் உள்ள எண்ணைப் படியுங்கள்.

சென்னை அடுக்ககத்தில் உண்மையான சிக்கல் வேறு. மொசைக் தரை. பிரேக் பெடலை மிதிக்கும்போதெல்லாம் பெடல் பலகை சறுக்கிக்கொண்டு சுவரை நோக்கிப் போகும். நீங்கள் உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி எதிர்த்திசையில் பின்னால் போகும். நாலு வளைவுக்குள் காலுக்கும் பெடலுக்கும் இடையே சமரசம் பேச முடியாத தூரம் வந்துவிடும். பெடலைச் சுவரோடு முட்டி வைத்து, அடியில் ரப்பர் மிதியடி போடுங்கள். நாற்காலியின் நாலு காலும் அதே மிதியடியின் மேல் நிற்கட்டும். மிதிக்கும் விசையும் தள்ளும் விசையும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சக்கரம் வைத்த அலுவலக நாற்காலி உதவாது. கீழ் வீட்டில் குழந்தை தூங்கும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெடல் சத்தம் கான்கிரீட் வழியாக நன்றாகப் போகும்.

மற்றவர்களோடு ஓட்டும்போது

ஸ்போர்ட் பகுதியில் உலகம் முழுவதிலுமிருந்து வருபவர்களோடு ஓட்டலாம். பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா வேண்டும். வைஃபையை விட்டுவிட்டு மோடத்திலிருந்து கம்பி இழுத்துச் செருகுங்கள். உங்கள் இணைப்பு தடுமாறினால் மற்றவர்கள் திரையில் உங்கள் கார் பேய் மாதிரி துள்ளும். உள்ளே விடும் முன் பந்தய நாகரிகம் பற்றி இரண்டு காணொளிகளைக் கட்டாயம் பார்க்க வைப்பார்கள். தவிர்க்கத் தோன்றும், பாருங்கள்.

ஓட்டுநருக்கு இரண்டு மதிப்பெண்கள். ஒன்று வேகத்துக்கு, மற்றொன்று ஒழுக்கத்துக்கு. ஒழுக்க மதிப்பெண் கீழே போனால், அதே மாதிரி இடிப்பவர்களோடு சேர்த்துவிடுவார்கள். அங்கே முதல் வளைவு திருவிழாக் கூட்டம் போல இருக்கும். ஆகவே முதல் இருபது பந்தயங்களில் வெற்றியை மறந்துவிடுங்கள். கடைசியிலிருந்து கிளம்பி யாரையும் தொடாமல் முடியுங்கள். முதல் வளைவில் வழக்கத்தை விடச் சீக்கிரம் பிரேக் பிடியுங்கள். முன்னால் மூன்று பேர் ஒருவரையொருவர் புல்வெளிக்கு அனுப்பிக்கொள்வார்கள், நீங்கள் மூன்று இடம் முன்னேறியிருப்பீர்கள். இடைவெளி தெரிந்தால் நுழையும் பழக்கத்தை மத்திய கைலாஷிலேயே விட்டுவிட்டு வாருங்கள். பிரேக் பிடிக்கும் இடத்துக்கு முன்பே உங்கள் முன்சக்கரம் அவருடைய கதவுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் அந்த இடம் உங்களுடையது. இல்லையென்றால் காத்திருங்கள்.

தினசரிப் பந்தயங்கள் என்று ஏ, பி, சி மூன்று இருக்கும். பெயர் தினசரி, மாறுவது வாரந்தோறும் திங்கட்கிழமை. ஏ-யிலிருந்து தொடங்குங்கள், அதில் டயர் தேய்மானக் கவலை பெரும்பாலும் இல்லை. திங்கள் இரவு தடத்தைப் பழகிவிட்டு, செவ்வாய் இரவு போட்டியில் இறங்குவது என் வழக்கம்.

கடைசியில் நூர்பர்க்ரிங்

ஜெர்மனியின் நார்ட்ஷ்லைஃபே, 20.832 கிலோமீட்டர். கிட்டத்தட்ட கோயம்பேட்டிலிருந்து தாம்பரம் வரை போகும் தூரம், அத்தனையும் காட்டுக்குள் வளைவும் ஏற்ற இறக்கமும். இதை முழுச் சுற்றாகக் கற்க முயலாதீர்கள். 'சர்க்யூட் எக்ஸ்பீரியன்ஸ்' என்ற பகுதியில் ஒவ்வொரு தடத்தையும் துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கிறார்கள்; ஒவ்வொரு துண்டுக்கும் வெண்கலம், வெள்ளி, தங்கம் எல்லாம் உண்டு. நாளுக்கு ஒரு துண்டு. ரோட்ஸ்டரைப் போன்ற சின்னக் காரில் முதலில் ஓட்டிப் பாருங்கள். பெரிய கார் மறைத்துவிடும் தவறுகளை அது மறைக்காது.

நான் இரண்டு மாதமாக அங்கேதான் இருக்கிறேன். முழுச் சுற்றில் இன்னும் வெள்ளி. ஓர் இறக்கத்தில், மரங்களுக்கு நடுவே, பிரேக்கை விட வேண்டிய இடத்துக்கு ஒரு காரின் நீளம் முன்னால் விட்டுவிடுகிறேன்.